47 வயதில் பாட்டியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிப்ரவரி 17 அன்று தங்கள் நாளிதழின் பிறந்தநாள் பெட்டியில் பிரெண்டா ஃபிரிக்கர் படத்தைப் போட்டு, ‘ஹோம் அலோன் 2 படத்தில் வரும் புறாப் பாட்டி, ஆங்கிலேய நடிகை’ என்று இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். அவர் 1945இல் டப்ளினில் பிறந்த அயர்லாந்துக்காரர். கும்பகோணத்துக்காரரைச் சென்னைக்காரர் என்று எழுதினாலே நமக்குச் சுருக்கென்று இருக்கும், இது நாடே வேறு. அந்தப் படம் வந்த 1992இல் அவருக்கு வயது 47. பாட்டியாம்!

டப்ளினில் நர்ஸாக இருக்கும் என் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தபோதுதான் எனக்கு இவரைத் தெரியும். நிருபராக ஆசைப்பட்டு ‘ஐரிஷ் டைம்ஸ்’ பத்திரிகையில் வேலை பார்த்தவர். ஒரு வகையில் உங்கள் தொழில்காரர். 19 வயதில் நடிக்க வந்து, மேடை நாடகம், டிவி தொடர் என்று இருபது வருஷத்துக்கு மேல் உழைத்தார். 1986இல் பிபிசியின் ‘கேஷுவால்டி’ தொடரில் மேகன் என்ற நர்ஸாக வந்த பிறகுதான் வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார். உண்மைக் கதையை வைத்து எடுத்த ‘மை லெஃப்ட் ஃபுட்’ படத்தில், கை கால் விளங்காத மகனுக்குச் சக்கர நாற்காலி வாங்க டப்பாவில் காசு சேர்த்து ஒளித்து வைக்கும் தாய் இவர்தான். அதற்கு 1990இல் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது. அந்த நிஜத் தாய்க்கு 22 பிரசவம். 22 தடவை பெற்றவருக்கு இதில் ஒன்று கொடுக்கத்தான் வேண்டும் என்று விருது மேடையிலேயே சொன்னார்.

சரி, விருதை விடுங்கள். அதே 1990இல் வந்த ‘தி ஃபீல்ட்’ படத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். வெறும் பாறையில் கடற்பாசியைச் சுமந்து கொட்டி வயலாக்கிய குத்தகைக்காரன். நிலத்துக்குச் சொந்தக்கார விதவை அதை ஏலத்துக்கு விடுகிறாள். நீடாமங்கலம் பக்கம் குத்தகைச் சாகுபடிக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவன் மனைவியாகப் பிரெண்டா. மூத்த மகனைப் பறிகொடுத்த நாளிலிருந்து பல வருஷமாகப் புருஷனிடம் பேச்சே கிடையாது. மற்றவர்கள் பேசிய ஐரிஷ் இங்கிலீஷ் பாதி எனக்குப் புரியவில்லை. இவர் பேசாமல் இருந்ததால் இவரை மட்டும் முழுசாகப் புரிந்தது.

குத்தகை பாக்கிக்காக அம்மாவின் தோட்டைச் சொல்லாமல் கொள்ளாமல் அடகு வைத்துவிட்டார் என் அப்பா. நடவிலிருந்து அறுப்பு வரை அம்மா அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ‘உங்கப்பாவைக் கேளு’ என்று எல்லாம் என் வழியாகத்தான். தண்ணீர்ச் செம்பைத் தரையில் ணங்கென்று வைத்தால் சோறு போட்டாயிற்று என்று அர்த்தம். அப்பாவும் சத்தம் கேட்டதும் திண்ணையிலிருந்து எழுந்து வருவார். ஒரே கூரைக்குக் கீழே புருஷன் இருப்பதே தெரியாதவர் மாதிரி பிரெண்டா நடமாடியபோது, டப்ளினில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் செம்புச் சத்தம் கேட்டது.

அடுத்த பிப்ரவரியில் இந்தப் பெட்டி மறுபடி வந்தால், அந்தக் குத்தகைக்காரன் மனைவியின் படத்தைப் போடுங்கள். புறா வேண்டாம்.

– ஒரு வாசகி, நீடாமங்கலம்