தலைப்பு உன்னுடையதாக இருக்கட்டும், கண்ணு

அன்புள்ள கண்ணு,

ஆக்ஸ்ஃபோர்டில் நீ படிக்கிற கிரேக்க, லத்தீன் படிப்பின் முதல் பகுதித் தேர்வு 'மாட்ஸ்' ஒருவழியாக முடிந்தது, இனி இரண்டாம் பகுதியான 'கிரேட்ஸ்', அதில் எழுதும் ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்பு கொடுக்க வேண்டும் என்றாய். "முசிறி வணிகத்தையே எடுத்துக்கட்டுமாப்பா?" என்று கேட்டபோது உன் குரலில் சுரத்தே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பழைய சேரர் துறைமுகமான முசிறி ரோமோடு நடத்திய வணிகம், இது உன் சித்தப்பா கொடுத்த யோசனைதானே? கிரேக்கமும் லத்தீனும் படித்தால் எவன் வேலை தருவான் என்று கேட்டுக்கொண்டிருந்தவர், வியன்னாவில் இருக்கிற முசிறி பாப்பிரஸ் (பாப்பிரஸ் என்றால் நாணலில் செய்த பழங்காலத் தாள்) பற்றி நான் சொன்னதும் கட்சி மாறிவிட்டார். கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம், ஹெர்மபோலோன் என்ற கப்பல், யானைத் தந்தம், சரக்கில் கால் பங்கு வரி! நம்ம கரூர் அமராவதி ஆற்றிலேயே ரோமானியக் காசு கிடைத்திருக்கிறது. இப்போது போகிற கல்யாண வீட்டிலெல்லாம், "அண்ணன் மகள் ஆக்ஸ்ஃபோர்டில் தமிழர் வணிகத்தை ஆராய்கிறாள்" என்று சொல்லி வருகிறார்.

சொல்லட்டும். உனக்கே ஆசை இருந்தால் முசிறியை எடு. தமிழ்ப் பெண் அதைத்தான் எடுப்பாள் என்று நாலு பேர் நினைப்பதற்காக எடுக்காதே. உன்னோடு படிக்கிற லண்டன் பையன் ஹோமரை எடுத்தால், அவனுக்கும் ஹோமருக்கும் என்ன உறவு என்று யாராவது கேட்கிறார்களா?

டிசம்பரில் வந்திருந்தபோது நீ ஓயாமல் பேசியது எகிப்தின் பழைய ஊரான ஆக்ஸிரிங்கஸின் குப்பைமேட்டைப் பற்றி. 1896இல் கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரண்டு ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர்கள் அங்கே தோண்ட ஆரம்பித்து, கணக்கு, ரசீது, மனு என்று லட்சக்கணக்கான பாப்பிரஸ் துண்டுகளை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பிய கதை. அதில் தேயோன் என்ற பொடியன் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தைத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாயே. என்னை விட்டுவிட்டு ஊருக்குப் போனாயே, ரொம்ப நல்ல காரியம் செய்தாய் என்று குத்தலோடு ஆரம்பிக்கிறான். அலெக்ஸாண்ட்ரியாவுக்குக் கூட்டிப் போகாவிட்டால் கடிதம் எழுத மாட்டேன், பேச மாட்டேன், சாப்பிட மாட்டேன், குடிக்க மாட்டேன். வரிக்கு வரி எழுத்துப்பிழை வேறு. நீ பென்சிலால் ஒவ்வொரு பிழையாகத் தொட்டுக் காட்டி, அவன் வாயால் எப்படிச் சொல்லியிருப்பானோ அப்படியே காதில் விழுந்ததை எழுதியிருக்கிறான், அதனால்தான் இந்தப் பிழைகளை வைத்து அன்றைக்கு அங்கே கிரேக்கத்தை எப்படிப் பேசினார்கள் என்று கண்டுபிடிக்கலாம் என்றாய். உள்ளே குழம்பு தீய்ந்துகொண்டிருந்தது, உன் அம்மாவும் எழுந்து போகவில்லை. அந்தச் சண்டைக்கார வாண்டை அவன் அப்பா கடைசியில் கூட்டிப் போனாரா இல்லையா என்று இன்னமும் என்னைக் கேட்கிறாள்.

முசிறியைப் பற்றி நீ ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை.

இந்தப் பிழைகளை வைத்தே ஒரு கட்டுரை எழுத முடியுமா என்று உன் ட்யூட்டரிடம் கேள். எனக்குப் பதில் தெரியாது, அவருக்குத் தெரியும். வேலை விஷயத்தைப் படித்து முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். தொல்லியலோ வணிகமோ, எந்தத் தலைப்பும் அதற்குள் உனக்கு வேலை வாங்கித் தந்துவிடப் போவதில்லை.

சித்தப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அப்புறம் சரியாகிவிடுவார். தலைப்பு முடிவானதும் அம்மாவுக்கு ஒரு போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா