'ஓ... ஓ ஓ ஓ' என்று முழங்கும் கால்பந்து ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ரசிகப் பெருமக்களே,

நீங்கள் இழுத்து இழுத்துப் பாடும் 'செவன் நேஷன் ஆர்மி' பாட்டின் அந்த ஏழு சுரங்களோடு எனக்குச் சண்டை இல்லை. நள்ளிரவில் வீட்டார் விழித்துக்கொள்ளாதபடி சத்தத்தைக் குறைத்துவைத்து ஆட்டம் பார்க்கிறவன் நான். உங்கள் முழக்கம் மட்டும் எப்படியோ கதவைத் தாண்டிவிடுகிறது. என் வருத்தம் வேறு. பாட்டைப் பாடிவிட்டு, அதே வாயால், அதில் டிரம் வாசித்த மெக் வைட்டைப் பற்றி "அவருக்கு டிரம் வாசிக்கத் தெரியாது, எல்லாம் குழந்தைத்தனம்" என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள்.

2003 அக்டோபரில் மிலானுக்குப் போன பெல்ஜியத்தின் கிளப் புரூஜ் அணி ரசிகர்கள், ஆட்டத்துக்கு முன் மதுக்கடையில் கேட்ட இந்த மெட்டை மைதானத்துக்குத் தூக்கி வந்தார்கள். ஏசி மிலான் அன்று 1-0 என்று தோற்றது. பாட்டு பெல்ஜியத்துக்குக் குடிபெயர்ந்தது. 2006-இல் புரூஜுக்கு வந்த இத்தாலியின் ரோமா அணி ரசிகர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கோடையில் இத்தாலி உலகக் கோப்பையை வென்றதும் அது ஒரு நாட்டுக்கே சொந்தமாகிவிட்டது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை.

'செவன் நேஷன் ஆர்மி' எந்த வீட்டுப் பிள்ளை என்பதுதான் பலருக்குத் தெரியவில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து கராஜ் ராக் (மெருகேற்றாத முரட்டு ராக்) குழுவான தி வைட் ஸ்ட்ரைப்ஸ் 2003 ஏப்ரலில் வெளியிட்ட 'எலிஃபண்ட்' ஆல்பத்தின் முதல் பாட்டு அது. (குழுவின் பாடகரும் கிடார் கலைஞருமான ஜாக் வைட், 'சால்வேஷன் ஆர்மி' என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் பெயரைச் சிறுவயதில் தப்பாகக் காதில் வாங்கியதன் மிச்சம் அந்தத் தலைப்பு.) குழுவில் ஜாக், மெக் என இரண்டே பேர். தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிடார் வாசிக்க ஆளில்லை. நீங்கள் பேஸ் என்று நினைத்துக்கொண்டிருப்பது, பெடலை மிதித்து ஒரு ஸ்தாயி கீழே இறக்கிய சாதாரண கிடார்.

ஆல்பத்தின் பெரும்பகுதி 2002-இல் கிழக்கு லண்டனின் டோ ராக் ஸ்டூடியோவில் எட்டுத் தடங்கள் கொண்ட ஒலிநாடாவில் பதிவானது. எழுதியதிலிருந்து கடைசி மெருகான மாஸ்டரிங் வரை கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை என்று உறையிலேயே அச்சிட்டார்கள். கொஞ்சம் வீம்புதான். ஆனால் அந்த வீம்பு மெக்குக்குச் சாட்சி சொல்கிறது. தாளம் ஒரு மயிரிழை பிசகினாலும் திரையில் வெட்டி நகர்த்திச் சரிசெய்யும் காலம் இது. அந்தச் சலுகை அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் அடித்த அடி, அடித்த இடத்திலேயே இன்றும் கிடக்கிறது.

தனி ஆவர்த்தனம் வாசிக்கத் தெரியாதவர் என்பதுதானே குற்றச்சாட்டு? ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். கிடார் தொடங்கிய சில நொடிகளில் பெரிய டிரம் நுழைகிறது: தொம், தொம், தொம், தொம். அலங்காரம் இல்லை, அவசரமும் இல்லை. பல்லவி வரவேண்டிய இடத்தில் வார்த்தைகளே கிடையாது. மெட்டு உரக்க முழங்க, அதுவரை அடக்கிவைத்திருந்த சிம்பல் அங்கேதான் வெடிக்கிறது. அதே ஆல்பத்தில் ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் 'பால் அண்ட் பிஸ்கட்' (Ball and Biscuit) பாட்டையும் விடாதீர்கள். கிடார் கட்டறுத்துக்கொண்டு பாயும்போதெல்லாம் மெக் கூடவே எழுகிறார். அது ஓய்ந்ததும் பழைய நடைக்கே இறங்கிவிடுகிறார். கைவித்தை காட்டும் டிரம்மர் யாராவது அங்கே இருந்திருந்தால், பாட்டுக்கு மூச்சுவிட இடம் இருந்திருக்காது.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். அறுபதாயிரம் பேர், ஒத்திகை இல்லாமல், பாதிப் பேர் போதையில், ஒரே தாளத்தில் நிற்கிறீர்கள். அந்த டிரம்மில் நுணுக்கமான கணக்குகள் இருந்திருந்தால் இரண்டாவது சுற்றிலேயே கிழக்கு வரிசை ஒரு பக்கமும் மேற்கு வரிசை ஒரு பக்கமும் போயிருக்கும். எதைக் குழந்தைத்தனம் என்கிறீர்களோ, அதைத்தான் உங்கள் கால்கள் சிமென்ட் படிகளில் மிதித்துக்கொண்டிருக்கின்றன.

எனவே ஒரு விண்ணப்பம். கோல் விழுந்ததும் நடனத்துக்கான ரீமிக்ஸைப் போடும் மைதானங்களில், ஆல்பத்தில் உள்ளதையே போடச் சொல்லுங்கள். பாடும்போது கொஞ்சம் வேகத்தையும் கட்டுப்படுத்துங்கள். வெற்றி நெருங்க நெருங்க நீங்கள் ஓடத் தொடங்கிவிடுகிறீர்கள். மெக் ஓடுவதில்லை.

இப்படிக்கு,
சத்தத்தைக் குறைத்துவைத்து ஆட்டம் பார்க்கும் ஒருவன்