மோட்டார் நின்ற பிறகு வண்டி என்ன எடை? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எலெக்ட்ரிக் ரோட் சைக்கிள், அதாவது தார்ச்சாலையில் வேகமாக ஓட்டுகிற லேசான சைக்கிளில் மோட்டார் வைத்தது, பார்க்கக் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். ஃபிரேமின் மேல்கம்பியைப் பிடித்து ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார்கள். "அட, இதுக்குள்ளயா மோட்டார் இருக்கு?" என்று சிலர். "கனமா இருக்கே" என்று சிலர். அப்புறம் எல்லாரும் கேட்பது, "எத்தனை கிலோ?"

சரியான கேள்விதான். ஆனால் கடையில் நின்றபடி ஒரு எண்ணைச் சொல்லி அனுப்பிவிட்டால் உங்களுக்குப் பாதி விஷயம்தான் கிடைக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

மோட்டார் இல்லாத நல்ல ரோட் சைக்கிள் 8 முதல் 10 கிலோ இருக்கும். பந்தயங்களில் 6.8 கிலோவுக்குக் கீழே போகக்கூடாது என்று சர்வதேசச் சைக்கிள் சங்கத்தின் விதியே உண்டு. இன்னொரு பக்கம், கேரியரும் மட்கார்டும் வைத்துச் சந்தைக்குப் போய்வரும் சாதாரண எலெக்ட்ரிக் சைக்கிள் 20 கிலோவைத் தாண்டும். எடை குறைந்த எலெக்ட்ரிக் ரோட் சைக்கிள் இரண்டுக்கும் நடுவில், 11 முதல் 14 கிலோவுக்குள் வரும். ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த டர்போ கிரியோ எஸ்எல் வரிசையில் விலை கூடிய வண்டிக்கு அவர்கள் சொன்ன எடை 12.2 கிலோ.

கூடுதல் எடை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் கணக்கு எளிது. சைக்கிள் மோட்டார் செய்யும் மாலே நிறுவனத்தின் எக்ஸ்35 அமைப்பில் பின்சக்கர மோட்டார், ஃபிரேமுக்குள் போகும் பேட்டரி, வயர் எல்லாம் சேர்த்து சுமார் 3.5 கிலோ. பிறகு வந்த எக்ஸ்20 சுமார் 3.2 கிலோ. டிக்யூ நிறுவனத்தின் எச்பிஆர்50 பெடல் அச்சில் உட்காருவது. 360 வாட்-அவர் (பேட்டரியில் எவ்வளவு கரண்ட் சேமிக்கலாம் என்பதன் அளவு) பேட்டரியோடு 3.9 கிலோ வரும். ஆக, 8 கிலோ சைக்கிளோடு மூன்றரை கிலோவைக் கூட்டினால் பதினொன்றரை. மலைப்பாதை எலெக்ட்ரிக் சைக்கிள்களில் வரும் பெரிய மோட்டார் ஒன்றே 3 கிலோவை நெருங்கும், அதன் 500 வாட்-அவர் பேட்டரி இன்னொரு 3 கிலோ. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

சரி, மோட்டார்தான் தள்ளுகிறதே, எடை கூடினால் என்ன? இந்த மடலை எழுத வைத்ததே இந்தக் கேள்விதான்.

நம் நாட்டுச் சட்டப்படி 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார், 25 கிலோமீட்டருக்குக் கீழ் வேகம் என்றால் லைசென்ஸும் பதிவும் வேண்டாம். ஐரோப்பாவிலும் 25-இல் மோட்டார் நின்றுவிட வேண்டும் என்பதுதான் விதி. சந்தைக்குப் போகிற சைக்கிளுக்கு அது போதும். ஆனால் ரோட் சைக்கிள் ஓட்டுகிறவர் சமதளத்தில் 27, 28 என்று சாதாரணமாகப் போவார். அப்போது மோட்டார் ஓய்ந்திருக்கும். அத்தனை கனத்தையும் சவுட்டி நகர்த்துவது உங்கள் கால்தான். சிலருக்குப் பயணத்தில் பாதிக்கு மேல் இப்படித்தான் போகும். இறக்கத்தில் மோட்டார் வேண்டாம், சமதளத்தில் ஓய்ந்துவிடும், பேட்டரி தீர்ந்தால் சுத்தமாக இல்லை. எடை நன்றாகத் தெரிவது பேட்டரி தீர்ந்தபின் ஒரு ஏத்தம் வரும்போதுதான்.

இதை நான் உடம்பால் படித்தேன். நாங்கள் முதலில் விற்ற எலெக்ட்ரிக் சைக்கிள் ஒன்று 23 கிலோ. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சிப்பாறை அணைவரை எடுத்துப் போனேன். போகும்போது ஏத்தம் தெரியவே இல்லை. ரப்பர் தோட்டத்து நிழலில் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன் என்றே சொல்லலாம். திரும்பும்போது குலசேகரம் தாண்டியதும் பேட்டரி தீர்ந்தது. திருவட்டாறு முதல் அழகியமண்டபம் வரை அந்தச் சாலை எப்படி என்று உங்களுக்குத் தெரியும்: ஒரு இறக்கம், உடனே ஒரு ஏத்தம், மறுபடி இறக்கம். சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்றியும் முட்டி கேட்கவில்லை. நாலாவது ஏத்தத்தில் இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். அந்த மோட்டார் வேறு, கரண்ட் இல்லாதபோதும் உள்ளே இருக்கும் காந்தம் சக்கரத்தைப் பிடித்து இழுக்கிற வகை. இறக்கத்தில்கூட வண்டி தானாக ஓடவில்லை. வீடு வந்து சேர ராத்திரி ஆகிவிட்டது. அதன்பிறகு பவர் போடாமல் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்காத எந்த வண்டியையும் நாங்கள் யாருக்கும் நல்ல வண்டி என்று சொல்வதில்லை. நீங்களும் வாங்கும் முன் பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் பின்னோக்கியும் முன்னோக்கியும் சுழற்றிப் பாருங்கள். முன்னோக்கிச் சுழற்றும்போது எவ்வளவு நேரம் தானாகச் சுற்றுகிறது என்பது பாதி உண்மையைச் சொல்லிவிடும்.

எந்தச் சாலையில் ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து எடையின் மதிப்பு மாறும். 70 கிலோ உள்ள ஒருவர், 12 கிலோ வண்டி ஒன்று, 20 கிலோ வண்டி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் ஏத்தத்தில் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, அந்த உயரத்தை வெல்ல மட்டும் முதல் வண்டிக்குச் சுமார் 168 வாட் வேண்டும், இரண்டாவதற்கு 184. பதினாறு வாட்தானே என்று தோன்றும். சாதாரணமாகச் சைக்கிள் ஓட்டுகிறவர் ஒரு மணி நேரம் விடாமல் தரக்கூடியது 150 வாட் அளவுதான் என்னும்போது அது சின்னத் தொகை இல்லை. அதே இரண்டு வண்டியும் சமதளத்தில் 30-இல் போனால் வித்தியாசம் நாலு வாட்டுக்குள் அடங்கிவிடும். காற்றைக் கிழிக்கவே நூறு வாட்டுக்கு மேல் செலவாகும்போது அது கண்ணிலேயே படாது.

ஆகவே சுசீந்திரம், கொட்டாரம், கன்னியாகுமரி என்று கிழக்கே ஓட்டுகிறவர்களுக்கு 1 கிலோ குறைக்க ஆயிரக்கணக்கில் செலவு செய்யச் சொல்ல எங்களுக்கு மனம் வராது. ஆரல்வாய்மொழிப் பக்கம் போகிறவர்களுக்கு ஆனி, ஆடியில் எதிரி காற்றுதான். கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்று போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது நெஞ்சில் அடிக்கும். அந்தத் திரும்பு பயணத்தில் வேகம் 18, 20-க்கு இறங்கிவிடும், மோட்டார் முழு நேரமும் உதவும். அங்கே எடையைவிட பேட்டரி எவ்வளவு மிச்சம் என்பதுதான் பெரிது. மேடு பள்ளம் நிறைந்த கல்குளம், விளவங்கோடு பக்கத்து ஆட்களுக்குத்தான் எடை ஒவ்வொரு ஏத்தத்திலும் கணக்குக் கேட்கும்.

எடை குறைந்தால் ஏதோ ஒன்று கூடவே குறையும். அதை மறைத்து விற்பது எங்களுக்குப் பிடிக்காது. எக்ஸ்35 மோட்டாரின் முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் பலம், 40 நியூட்டன் மீட்டர். பெரிய மலைப்பாதை மோட்டார்கள் பலவற்றில் அது 85 அல்லது அதற்கு மேல். உடல் கனமானவர் செங்குத்தான ஏத்தத்தில் லேசான மோட்டாரிடம் பெரிதாக எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அந்த அமைப்பில் பேட்டரி சுமார் 250 வாட்-அவர், ஏத்தம் நிறைந்த பாதையில் சிக்கனமாகப் போட்டு எடுக்க வேண்டும். பின்சக்கரத்தில் மோட்டார் உள்ள பல வண்டிகளில் பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்றும்போது வயரையும் பிரிக்க வேண்டும். அதை முதலில் கடையிலேயே ஒருமுறை செய்து பழகிவிட்டுப் போங்கள்.

இரண்டு மாடி ஏற்றி வீட்டுக்குள் வைக்கிறவர்கள், காரின் பின்னால் மாட்டுகிறவர்கள் கேட்கவே வேண்டாம். 12 கிலோவை ஒருவர் தோளில் போட்டு ஏறிவிடலாம். 22 கிலோ என்றால் படியில் திரும்பும் இடத்தில் சுவரில் இடிக்கும், முதுகும் பிடித்துக்கொள்ளும்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்கள் சிலர், அங்கே வாங்கி லீவுக்கு வரும்போது விமானத்தில் கொண்டுவரலாமா என்று கேட்கிறார்கள். பேட்டரியோடு முடியாது. பயணிகள் விமானத்தில் 160 வாட்-அவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைக் கையிலும் கொண்டுபோக முடியாது, லக்கேஜிலும் போட முடியாது. மேலே சொன்ன லேசான அமைப்புகளின் பேட்டரியே அந்த வரம்பைத் தாண்டும். பணம் கட்டும் முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

எடையைக் குறைக்கிறேன் என்று டயரிலும் பிரேக்கிலும் கை வைக்காதீர்கள். கோடை மழையும் இரண்டு பருவமழையும் வாங்கும் நம் சாலையில், ரப்பர் இலை நனைந்து கிடக்கும் வளைவில், 32 மில்லிமீட்டர் டயர் தரும் பிடிப்பை எந்தக் கிராம் கணக்கும் ஈடு செய்யாது. இந்த ஒன்றில் மட்டும் வாடிக்கையாளர் கேட்டாலும் நாங்கள் செய்து தருவதில்லை.

கடைசியாக, அச்சிட்ட எடை. போன மாதம் ஒருவர் வேறு ஊரில் வாங்கிய வண்டியைக் கொண்டுவந்தார். அட்டையில் 12.4 கிலோ. வாழைக்குலை நிறுக்கிற கொக்கித் தராசில் சீட்டைக் கோத்துத் தூக்கினோம், 13.7 காட்டியது. அவர் முகம் வாடிவிட்டது. பெடல் ஒரு ஜோடி, பாட்டில் மாட்டி இரண்டு, முன்விளக்கு, சீட்டுக்கு அடியில் ட்யூபும் ஸ்பானரும் வைத்த பை என்று ஒவ்வொன்றாகக் கழற்றி நிறுத்தோம். ஒரு கிலோவுக்கு மேல் அதிலேயே போயிற்று. மிச்சம் ஃபிரேம் அளவில். நிறுவனங்கள் பெரும்பாலும் பெடல் இல்லாமல், ஏதோ ஒரு அளவு ஃபிரேமை நிறுத்துத்தான் எண்ணைப் போடுகின்றன. பொய் இல்லை, ஆனால் நீங்கள் ஓட்டப்போகும் எடையும் இல்லை.

அந்தத் தராசு இப்போது கடை வாசலிலேயே தொங்குகிறது. எங்களிடம் வாங்கியதோ வெளியே வாங்கியதோ, சனிக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்தால் நிறுத்து எழுதித் தருகிறோம், காசு வேண்டாம். வரும்போது எதையும் கழற்ற வேண்டாம். பாட்டிலில் தண்ணீர்கூட இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் சைக்கிள் கடை,
நாகர்கோவில்