பெட்டியை முழுசாகத் தூங்க விடுங்கள்

மண் ஈரம் பார்க்கும் பெட்டி விற்ற நிறுவனத்தாருக்கு,

வணக்கம். ஆறு பெட்டி வாங்கியவன் எழுதுகிறேன். மூன்று தடவை போனில் பேசியாயிற்று, அதனால் பழைய கதையை விடுகிறேன். பேட்டரி இரண்டு வருடம் வரும் என்றீர்கள். பத்து நாள் வருகிறது. கடைசியாகப் பேசிய உங்கள் ஆள், "சோலார் போட்டுக்கோங்க சார்" என்றார். சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

போன மாதம் நான் கடையில் இருந்த நேரம், அய்யாவே மஞ்சப்பையில் பேட்டரியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். வயது 68. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்திருந்ததால் வரப்பெல்லாம் வழுக்கல். மூடியில் நான்கு ஸ்க்ரூ, அதில் ஒன்று சேற்றில் விழுந்துவிட்டது. இருட்டும்வரை குனிந்து துழாவியிருக்கிறார். கிடைக்கவில்லை. மூன்றை மட்டும் முடுக்கிவிட்டு வந்தார். ராத்திரி மழை. காலையில் பெட்டிக்குள் தண்ணீர். "மண்ண ஒரு பிடி அள்ளிப் பாத்தா தெரிஞ்சுரும்லா, பொறவு எதுக்குல இந்தப் பெட்டி?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் நான். நல்ல பெட்டி ஒன்றைப் பிரித்து மீட்டரை வைத்தேன். ஈரம் அளக்காமல் பெட்டி தூங்கும் நேரத்திலேயே 11 மில்லி ஆம்பியர் கரண்ட் இழுக்கிறது. 2600 எம்ஏஎச் பேட்டரிக்குக் கணக்குப் போட்டால் பத்து நாள்கூட முழுசாக வராது. உள்ளே மூளையாக இருப்பது எஸ்டிஎம்32எஃப்103 என்ற சிப். ஸ்டாண்ட்பை என்ற ஆழ்ந்த தூக்கத்தில் அதற்கு 2 மைக்ரோ ஆம்பியர் அளவில் போதும்; மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோ. புரோகிராம் எழுதியவர் சிப்பையும் தகவல் அனுப்பும் ரேடியோவையும் ஒழுங்காகவே தூங்க வைத்திருக்கிறார், அவருக்கு என் வணக்கம். விழித்திருப்பது மற்றதெல்லாம். வோல்ட்டைச் சீராக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் சும்மா இருக்கவே 5 மில்லி ஆம்பியர் குடிக்கிறது. எந்நேரமும் கரண்ட் வாங்கும் சென்சார் இன்னொரு 5. யாரும் பார்க்காத மூடிக்குள் எரியும் சிவப்பு எல்இடி 1. மூன்றையும் விலக்கி 3.3 வோல்ட்டை நேராகக் கொடுத்ததும் மீட்டர் சில மைக்ரோ ஆம்பியருக்கு இறங்கிவிட்டது. கோயில் கொடைக்கு வாசலில் மைக் செட்டை அலறவிட்டு, தொட்டில் பிள்ளையை மட்டும் தூங்கு தூங்கு என்றால் எப்படி?

சிப்பை மட்டும் அல்ல, பெட்டியை முழுசாகத் தூங்க விடுங்கள். சும்மா இருக்கையில் ஒன்றிரண்டு மைக்ரோ ஆம்பியரோடு நிற்கும் ரெகுலேட்டர்கள் கடையில் கிடைக்கின்றன. சென்சாருக்குச் சிப்பின் ஒரு காலிலிருந்தே (பின்) கரண்ட் கொடுக்கலாம். ஸ்டாண்ட்பைக்குப் போனதும் அந்தக் கால் தானாகக் கரண்டைக் கைவிட்டுவிடும், சென்சாரும் அணைந்துவிடும். எல்இடியைக் கழற்ற நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏசி ஹாலில் அடாப்டர் சொருகிக் காட்டிவிட்டு 'விவசாயியின் நண்பன்' என்று அட்டையில் அச்சடிக்கத் தெரிகிறது. பத்து நாளுக்கு ஒருதரம் சேற்றில் இறங்கி வந்து சோறு ஊட்டச் சொல்லும் நண்பன்! தோட்டத்துக்குள் ஒரு வாரம் வைத்துப் பார்க்க ஒருத்தருக்குக்கூடவா நேரமில்லை?

சரி, கோபத்தை விடுகிறேன். கேட்பது இதுதான்: ஐந்து பெட்டிக்குப் போர்டை மாற்றித் தாருங்கள், நனைந்ததற்கு வேறு பெட்டி தாருங்கள், முழுசாகத் தூங்கும் பெட்டியாக. பிசான நெல் நடவுக்கு முன்னால் கிடைத்தால் உதவியாக இருக்கும். பார்சலில் தயவுசெய்து நான்கு ஸ்க்ரூ கூடுதலாகப் போட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சேரன்மகாதேவியிலிருந்து ஒரு வாடிக்கையாளர்