பிரேக் ஹோஸ் பழுதைக் கண்டறியாமல் வேறு பாகங்களை மாற்றியதும், பின்னர் ஹோஸை முறுக்கி மாட்டியதும் குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவின் மேலாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் நிறுவனத்தின் சிறிய காரை 9 ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். ஒரு சர்வீஸைக்கூடத் தள்ளிப்போட்டதில்லை. எல்லாமே உங்கள் அங்கீகாரம் பெற்ற பணிமனையில்தான் நடந்தன. அந்தப் பணிமனையின் அலட்சியத்தால் சென்ற மாதம் ஓர் இறக்கத்தில் பிரேக் மிதி தரையைத் தொடும் அளவுக்கு இறங்கிப்போனது. பின் இருக்கையில் என் தாயாரும் மகளும் இருந்தார்கள். கியரைக் குறைத்து, கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வண்டியை ஓரத்தில் நிறுத்தினேன். அன்று ஏதாவது நேர்ந்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவதுதான் எழுதியிருப்பார்கள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நீண்ட தூரம் ஓட்டினால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தால் இடது முன்சக்கரத்தின் அருகே கை வைக்க முடியாத சூடும் தீய்ந்த வாடையும் இருந்தன. முதல் முறை கொண்டுபோனபோது பிரேக் பேடுகளை மாற்றினார்கள். இரண்டே வாரத்தில் அதே சூடு, அதே வாடை. இரண்டாம் முறை, பேடுகளைச் சக்கரத்தின் வட்டில் அழுத்தும் கேலிப்பரையே மாற்றினார்கள். பிரேக் ஆயிலைக் கேலிப்பருக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாயான ஹோஸைப் பற்றி அப்போதே நான் கேட்டேன்: "ஹோஸில் ஏதாவது கோளாறு இருக்குமோ?" சர்வீஸ் ஆலோசகர், செய்த வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டைக் காட்டினார். 'பிரேக் ஹோஸ்' என்ற வரிக்கு எதிரே ஒரு டிக். "பார்த்துவிட்டோம் சார், வெடிப்பும் இல்லை, கசிவும் இல்லை" என்றார். அந்த டிக்கை நம்பித்தான் குடும்பத்தோடு கிளம்பினேன்.

இறக்கத்தில் நடந்ததற்குக் காரணம் இப்போது தெரிகிறது. காலை எடுத்த பிறகும் இடது சக்கரத்தில் பிரேக் விடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. அந்தச் சூட்டில் கேலிப்பருக்குள் இருந்த பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. ஆவி அழுத்தினால் சுருங்கும். அதனால் மிதி இறங்கும், பிரேக் பிடிக்காது. டி.ஓ.டி. 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் உறிஞ்சிய நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். என் சர்வீஸ் ரசீதுகளைப் புரட்டிப் பார்த்தேன். 4 ஆண்டுகளாக ஆயிலை முழுமையாக மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை, 'நிரப்பப்பட்டது' என்று மட்டுமே இருக்கிறது. 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது உங்கள் கையேட்டிலேயே அச்சாகியிருக்கிறது.

அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகு மிதி திரும்பியது. மெதுவாக ஓட்டி, வழியில் இருந்த ஒரு சாதாரண மெக்கானிக்கிடம் சேர்த்தேன். அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன். உங்கள் பணிமனையில் இதைச் செய்ய எந்தக் கருவியும் குறைவில்லை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, என்னை பிரேக்கை மிதித்து விடச் சொன்னார். கையால் சுற்றிப் பார்த்தால் இடது சக்கரம் அசையவில்லை. இரும்புக் குழாயும் ஹோஸும் சேரும் மேல் இணைப்பை லேசாகத் தளர்த்தினார். அப்போதும் சக்கரம் அசையவில்லை. அதை இறுக்கிவிட்டு, கேலிப்பரில், ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும் திருகைத் திறந்தார். ஆயில் பீய்ச்சியடித்தது, அந்த நொடியே சக்கரம் விடுபட்டுச் சுழன்றது. மேலே திறந்தால் விடவில்லை, கீழே திறந்தால் விட்டது. அப்படியானால் அடைப்பு நடுவில் இருக்கும் ஹோஸில்தான். மொத்தம் 5 நிமிடம்கூட ஆகவில்லை.

அதன் பிறகும் நான் செய்த தவறு, உங்கள் பணிமனையையே மறுபடியும் நம்பியது. உதிரிபாகம் அசலாக இருக்க வேண்டும் என்று அங்கேயே ஹோஸை மாற்றச் சொன்னேன். கழற்றிய ஹோஸைக் கேட்டு வாங்கிவந்து நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். வெளி ரப்பர் பளபளப்பாக, ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. உள்ளே நூல் பின்னலுக்கு அடியில் இருக்கும் உள்குழாய் ஓரிடத்தில் பின்னலை விட்டுப் பிரிந்து, உப்பி, ஒரு நாக்கைப்போல் துளையை மூடிக்கொண்டிருந்தது. குண்டூசி ஒன்றைத்தான் அதற்குள் நுழைக்க முடிந்தது. மிதிக்கும் விசைக்கு அந்த நாக்கு விலகி ஆயிலை உள்ளே விடும். காலை எடுத்ததும் ஆயில் திரும்பிவர வழிவிடாது. வெளியில் வெடிப்பைத் தேடும் கண்ணுக்கு இது எப்படித் தெரியும்? வெடிப்பு, உப்பல், கசிவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் சக்கரம் சூடாகிறது என்று இரண்டு முறை வந்த வண்டிக்கு அந்தப் பார்வை போதாது.

இன்னொன்றையும் நான் கண்ணால் பார்த்தேன். கேலிப்பர் மாற்றிய நாளில் காத்திருப்பு அறையின் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, கழற்றிய பழைய கேலிப்பர் முழு எடையோடு ஹோஸிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட எவ்வளவு நேரம் ஆகும்? 9 வயதான ரப்பர் அதனால் மட்டுமே கெட்டது என்று நான் வாதிடவில்லை. ஆனால் பிரேக் ஹோஸை உங்கள் ஆட்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பதை அந்தக் காட்சி காட்டிவிட்டது.

புதிய ஹோஸ் மாட்டியதிலும் அதே அலட்சியம். ஹோஸின் மேல் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு ஓடும். ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு அது உதவும். என் வண்டியில் அந்தக் கோடு கொடிபோல் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங்கை வலப்பக்கம் முழுவதும் ஒடித்தால் ஹோஸ் டயரின் உட்பக்கத்தைத் தொட்டது. ஒரு வாரத்திலேயே உரசல் தடம் விழுந்திருந்தது. கேலிப்பர் இணைப்பில் பழைய காப்பர் வாஷர்களையே திரும்பப் போட்டிருந்தார்கள். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுபடி சரியாக அடைக்காது. அந்த இடத்தில் ஆயில் ஈரம் கண்டிருந்தது. வலப்பக்க ஹோஸ் அதே வயது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடைசியில் அந்தச் சாதாரண மெக்கானிக்கே முன்பக்கம் இரண்டு ஹோஸ்களையும் புதிய வாஷர்களோடு மாட்டி, ஆயில் முழுவதையும் மாற்றி, நான்கு சக்கரங்களின் பிரேக்கிலும் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றினார். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதும் ஒடித்து, ஹோஸ் எங்கும் தொடவில்லை என்பதை என்னைக் குனியவைத்துக் காட்டினார். இப்போது சக்கரம் சூடாவதில்லை.

தேவையில்லாமல் மாற்றிய பேடுகள், கேலிப்பர், தவறாக மாட்டிய ஹோஸ் ஆகியவற்றுக்கு நான் கட்டிய தொகை முழுவதையும் திருப்பித் தர வேண்டும். மூன்று வருகைகளின் ஜாப் கார்டு நகல்களும் வேண்டும். பிரேக் உரசுவதாக வரும் ஒவ்வொரு வண்டிக்கும், எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன் மேலே நான் எழுதிய சோதனையைச் செய்யும்படி எல்லாப் பணிமனைகளுக்கும் எழுத்து வடிவில் அறிவுறுத்தி, அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். பணம் தாமதமானால் பொறுத்துக்கொள்வேன், இதில் தாமதம் கூடாது. இதே பணிமனையில் இதே மாதிரி டிக் வாங்கிக்கொண்டு இன்றும் பலர் குடும்பத்தோடு கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் எதிர்பார்க்கிறேன். ரசீதுகளின் நகல்களையும் ஹோஸின் புகைப்படங்களையும் இணைத்திருக்கிறேன். அறுத்த ஹோஸ் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உங்கள் பொறியாளர் யாராவது வந்தால் காட்டுகிறேன், ஆனால் கையைவிட்டுக் கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் 9 ஆண்டு வாடிக்கையாளர்