கடல்ல எல்லைக்கல்லு நட முடியாதுங்க: கிருஷ்ணகிரியில இருந்து ஒரு திறந்த மடல்

கடல்ல காப்பகம் அறிவிக்கிற வனத்துறை, மீன்வளத்துறை அதிகாரிங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் கிருஷ்ணகிரியில எங்க வீட்டுக்காரரோட சேந்து மீன் கடை வச்சிருக்கேன். எங்க கடைக்கு வர்றவங்கள்ல நெறைய பேரு கடல நேர்ல பாத்ததே இல்ல, ஆனா வாரத்துல நாலு நாள் விடியக்காலையில தஞ்சாவூர் கடலோரத்து மல்லிப்பட்டினம் பக்கத்துல இருந்து ஐஸ் பெட்டி வந்து எறங்குது, அந்த நண்டையும் இறாலையும் சங்கராவையும் வித்து தான் எங்க ரெண்டு புள்ளைங்களும் படிக்குதுங்க. அதனால அந்தக் கடல்ல நீங்க அறிவிச்ச கடல்பசு காப்பகத்தப் பத்தி கேக்க எனக்கும் உரிமை இருக்குன்னு நெனச்சு தான் எழுதுறேன்.

போன மாசம் இறால் பெட்டிய கொட்டி பிரிக்கும்போது நடுவுல ஒரு கடல்குதிரை கெடந்துச்சு. என் சுண்டுவிரல் நீளம் தான் இருக்கும். வால வச்சு ஒரு புல்லுத் துண்ட சுத்திப் புடிச்சுகிட்டே செத்துருக்கு, ஐஸ கழுவி எடுத்துப் பாக்குறேன், அந்தப் புடி அப்பவும் விடல. வயித்துக்குக் கீழ பை உப்பலா இருந்துச்சு, அது ஆணு ம்மா, கடல்குதிரையில ஆணு தான் முட்டைய பையில வச்சு சுமக்கும்னு பெரியவன் சொன்னான். அதப் புடிக்கவே கூடாதுன்னு 2001லயே தடை வந்துருச்சு. மடி இழுக்குறவன், அதாவது விசைப்படகுல இழுவலை போடுறவன், வேணும்னு புடிச்சிருக்க மாட்டான், தரையோட சேத்து வழிச்சு எடுக்கும்போது இறாலோட வந்துருக்கு. கொல்லையில குழி தோண்டி பொதச்சேன். அன்னைக்கு பூரா வியாபாரத்துல மனசே ஓடல.

அந்தப் புல்லு கடல்தாழை. பாசி இல்லங்க, நம்ம வயல்ல மொளைக்கிற மாதிரி வேரு, இலை, பூ, விதை எல்லாம் இருக்குற செடி. நண்டும் இறாலும் குஞ்சா இருக்கும்போது ஒளிஞ்சு வளர்றது அதுக்குள்ள தான், கடல்பசு திங்கிறதும் அதத்தான், ஒரு நாளைக்கு 30, 40 கிலோ தின்னும். அந்தப் பக்கத்து ஆளுங்க அத ஆவுளியான்னு சொல்றாங்க. 13, 14 மாசம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும், அடுத்த குட்டிக்கு 3 வருஷமும் ஆகலாம் 7 வருஷமும் ஆகலாம், நம்மள மாதிரி காத்து மூச்சு விடுற ஜீவன்ங்கறதால வலையில மாட்டி மேல வர முடியலன்னா மூச்சு முட்டியே செத்துரும். இப்படிப்பட்டது வருஷத்துக்கு நாலஞ்சு செத்தாலே அந்த இழப்ப சரிக்கட்ட எத்தன வருஷம் ஆகும்னு பாருங்க.

2022 செப்டம்பர்ல தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்துல 448 சதுர கிலோமீட்டர கடல்பசு காப்பகமா அறிவிச்சீங்க, நாட்டுலயே மொத தடவ. மனசார சந்தோஷப்பட்டேன். அதே வருஷம் நவம்பர்ல எங்க பக்கமும் ஒரு எல்லை வந்துச்சு, கிருஷ்ணகிரி, தருமபுரி காட்டுல 686 சதுர கிலோமீட்டர் காவேரி தெற்கு சரணாலயம். யானையோட சேத்து காவேரித் தண்ணியில இருக்குற நீர்நாய், முதலை, மெல்லோட்டு ஆமைக்கெல்லாம் அது நல்லது தான். ஆனா எங்க நாத்தனார் அஞ்செட்டி பக்கம் இருக்காங்க, மாடு மேய்க்கிறவங்க, எல்லை எங்க இருந்து ஆரம்பிக்குதுன்னு ஊருக்குள்ள கேட்டா ஒருத்தரு புளியமரத்த காட்டுறாரு, இன்னொருத்தரு பள்ளத்துக்கு அந்தாண்டன்றாரு. மலையில கல்லு நட்டு பெயிண்ட் அடிச்சாவது காட்டிடலாம். கடல்ல எங்க நடுவீங்க? மேப்புல நீங்க போட்ட கோடு ராத்திரி ரெண்டு மணிக்கு வலை போடுறவரு கண்ணுக்கு எப்படித் தெரியும்?

நான் கேக்குறது இது தான். அந்தக் கோட்ட அந்தத் தண்ணியில பொழைக்கிறவங்கள கூட வச்சுகிட்டு போடுங்க. எங்க தாழை அடர்த்தி, எந்த மாசம் எந்தப் பக்கம் ஆவுளியா வரும்னு நாட்டுப்படகு ஆளுங்களுக்கு தான் தெரியும். எல்லைய வெறும் நம்பரா பேப்பர்ல குடுக்காம, கரையில இருக்குற மனோரா கோபுரத்த இந்தப் பக்கம் வச்சா எவ்ளோ தூரம், எத்தன பாகம் (ஒரு பாகம்னா ரெண்டு கையையும் விரிச்ச நீளம்) ஆழம்னு அவங்க கணக்குல சொல்லுங்க, போன்ல கேக்குற மாதிரி தமிழ்ல பேசி அனுப்புங்க, மிதவையும் போடுங்க.

மன்னார் வளைகுடாவுல என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். 21 தீவையும் சேத்து 1986ல தேசியப் பூங்கா ஆக்குனீங்க, அது தேவை தான், பவளப்பாறைய வெட்டி வெட்டி எடுத்ததும் ஒரு காரணமா விலாங்குசல்லி, பூவரசன்பட்டின்னு ரெண்டு தீவே தண்ணிக்குள்ள போயிருச்சே. ஆனா அங்க காலங்காலமா முங்கி பாசி எடுத்த பொம்பளைங்களுக்கு தீவுகிட்ட போறதே குத்தமா ஆயிருச்சு. மாசத்துல 12 நாள் தான் எடுக்கணும்னு தங்களுக்குள்ளயே கட்டுப்பாடு வச்சிருந்தவங்க அவங்க. அவங்கள மொதல்லயே கூட்டு சேத்திருந்தா உங்களுக்கு எவ்ளோ பெரிய காவல் கெடச்சிருக்கும்!

இன்னொன்னு, கரையோரத்துல விசைப்படகு மடி இழுக்கக் கூடாதுன்னு 1983லயே சட்டம் இருக்கு. புதுசா ஒரு தடை போடுறதுக்கு முன்னாடி அத ராத்திரியில நின்னு காவல் காத்தாலே பாதி தாழை பொழைச்சுக்கும். வலையில மாட்டுன ஆவுளியாவ விடுறதுக்காக தன் வலைய அறுக்குறவருக்கு பரிசு குடுத்து பாராட்டுறீங்க, ரொம்ப நல்ல விஷயம், அதோட அந்த வலைக்காசும் அந்த வாரத்துக்குள்ள கைக்கு வரணும், வலை இல்லாம அவரு எத்தன நாள் கரையில உக்காந்திருப்பாரு?

எங்க நஷ்டத்தையும் சொல்லிடறேன். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், அப்போ எங்களுக்கு கடல் மீன் வரத்து பாதியாக் கொறையும், வெலையும் ஏறிடும், எங்க ஊரு கே.ஆர்.பி. டேம் ஜிலேபி மீன வச்சு தான் ஓட்டுவோம். ஏன் இந்தத் தடைன்னு கேக்குற கஸ்டமர்கிட்ட மீன் முட்டை போடுற காலம்ங்கன்னு சொன்னா எல்லாரும் புரிஞ்சுக்குறாங்க, யாரும் சண்டைக்கு வந்தது இல்ல. காப்பகத்தால எங்களுக்கு இறால் வரத்து கொறஞ்சாலும் அப்படியே தாங்கிக்குறோம்.

அடுத்த தடவ கரையில கூட்டம் போட்டா காலையில பதினோரு மணிக்கு ஆபீஸ்ல வைக்காதீங்க. படகு வந்து ஏலம் முடிஞ்சு, ஆளுங்க தூங்கி எந்திரிச்ச அப்புறம் சாயங்காலமா ஏலக்கூடத்துலயே வைங்க, அப்போ தான் கருவாடு போடுற அக்காங்களும் வர முடியும்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரி மீன் கடைக்காரம்மா