உங்கப்பா புத்தகத்துக்கு ஒரு கையெழுத்து

அன்பு நண்பா,

நலம்தானே? புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) தட்டினால் துண்டு துண்டாகப் போகும் என்றுதான் கடிதமாகவே எழுதுகிறேன். சுங்கை சிப்புட்டில் எல்லாரும் சுகம். நாம் படித்த தோட்டப் பள்ளிப் பக்கம் இப்போது முழுக்கச் செம்பனைதான், ரப்பர்ப் பால்மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் தம்பி மகள் எம்.ஏ. ஆய்வுக்கு 1960களில் வந்த தோட்டத்துச் சிறுகதைகளை எடுத்திருக்கிறாள். தேடிக்கொண்டு போனதில் உங்கப்பா தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) வேலை பார்த்துக்கொண்டே எழுதி, சொந்தக் காசில் அச்சடித்த அந்தத் தொகுப்பு ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இருந்திருக்கிறது. ஒரே ஒரு பிரதி. தைத்த கம்பிப் பின்கள் எல்லாம் துருப்பிடித்து, தாளைத் திருப்பினால் ஓரம் உதிர்கிறதாம். அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம், நகல் கேட்டால் பத்து விழுக்காட்டுக்கு மேல் கிடையாது என்று போட்டோஸ்டேட் இயந்திரத்துக்கு மேலே ஒட்டியிருந்த நோட்டீஸைக் காட்டிவிட்டார்கள்.

அந்தப் பத்து விழுக்காடு நூலகம் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கோடுடா. நம் மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஓர் எண்ணே கிடையாது. ஆய்வுக்கும் சொந்தப் படிப்புக்கும் நியாயமான அளவில் பயன்படுத்தலாம் என்கிறது சட்டம். எது நியாயம் என்று பார்க்க 2012 திருத்தத்தில் நான்கு விஷயங்களைச் சொன்னார்கள்: எதற்காக எடுக்கிறோம், அது எந்த மாதிரிப் படைப்பு, எவ்வளவு எடுக்கிறோம், அதனால் அதன் விற்பனை கெடுமா. முழுப் புத்தகம் என்றால் யோசிக்க வேண்டியதுதான், ஆனால் அறுபது வருடமாக எந்தக் கடையிலும் இல்லாத புத்தகத்துக்கு என்ன விற்பனை கெட்டுவிடப் போகிறது?

அதற்காக எதையும் ஸ்கேன் பண்ணிப் பரப்பலாம் என்று சொல்ல வரவில்லை. இன்றைக்கு எழுதுகிற நம் ஆட்கள் கைக்காசைப் போட்டு அச்சடித்து, நூல் வெளியீட்டில் நாலு பிரதி விற்றுத்தான் அடுத்த புத்தகம் போடுகிறார்கள். அந்தப் புத்தகத்தையே பிடிஎஃப் ஆக்கிப் புலனக் குழுவில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பழைய புத்தகங்களின் கதை வேறு. பாதிப் பேர் புனைபெயரில் எழுதினார்கள், தோட்டங்களைத் துண்டாடியபோது குடும்பங்களும் எங்கெங்கோ சிதறிப் போயின, இன்றைக்கு யாரிடம் போய் அனுமதி கேட்பது? கேட்க ஆள் இல்லாததால் நூலகமும் இணையத்தில் ஏற்றப் பயப்படுகிறது, புத்தகம் அலமாரியிலேயே செல்லரிக்கிறது.

உங்கப்பா புத்தகத்துக்கு நீ இருக்கிறாய். எழுதியவர் மறைந்த பிறகும் 50 வருடம் உரிமை நிற்கும், மறைந்ததற்கு அடுத்த ஜனவரியிலிருந்து கணக்கு. அவர் 1989இல் போனார், ஆக 2039 முடிகிற வரைக்கும் அது உங்கள் குடும்பத்துச் சொத்து. அதுவரை அந்தத் தாள் தாங்காது. தமிழ் நேசன் ஞாயிறு பதிப்பில் வந்த கதைகளும் அப்படித்தான், பத்திரிகை 2019இல் மூடிவிட்டதே என்று கவலைப்படாதே, அவர் அங்கே சம்பளத்துக்கு எழுதவில்லை, தானாக அனுப்பிய கதைகள், அதனால் உரிமை பத்திரிகைக்குப் போகவில்லை.

வாயால் சரி என்று சொன்னால் போதாது, அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு பக்கக் கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்: நூலகம் ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகப் படிக்க வைக்கலாம், அப்பா பெயர் இருக்க வேண்டும், விற்கக் கூடாது, உரிமை உங்களிடமே இருக்கும். கிள்ளானில் இருக்கும் உன் தங்கச்சியும் கையெழுத்துப் போட்டால் பின்னால் பேச்சு வராது, அவளிடம் நீயே பேசிவிடு. அப்புறம், உங்கள் வீட்டுப் பரணில் அவர் கைப்பிரதி ஏதாவது கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதே, தீபாவளிக்கு வரும்போது எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி